சர்வரை மூன்று நாள் பூட்டாமல் மாற்றியதற்காகத் தலைமைச் செவிலியரிடம் விளக்கம் கேட்டிருப்பது குறித்து

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்பாளர்,
வீட்டுச் செவிலியர் சேவை, நான்காம் கிளை,
இரண்டாம் தளம், மாடிப்படிக்கு எதிர் அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வீட்டுச் செவிலியர் சேவை, தலைமை அலுவலகம்.

பொருள்: கூட்டுப்பணி சர்வரை அதனுள்ளேயே இருக்கும் அப்கிரேட் வழியாக அன்றி, இடமாற்றக் கருவியால் புதிய சர்வருக்குக் கொண்டுசென்றது – தலைமைச் செவிலியர் மீதான கடிதத்தைத் திரும்பப் பெறவும், மற்ற கிளைகளின் மூன்று நாள் மூடலை நிறுத்திவைக்கவும் வேண்டுதல்.

பார்வை: தொழில்நுட்பப் பிரிவின் விளக்கம் கோரும் கடிதம், சென்ற செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

1. எங்கள் கிளையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். 412 நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே கவனித்துக்கொள்கிறோம். யாருக்கு எந்த மருந்து, எந்தப் புண்ணுக்கு எப்போது கட்டு மாற்றுவது, எந்த வீட்டில் நாய் உண்டு என்பது வரை எல்லாம், நாங்கள் அனைவரும் பகிர்ந்து பயன்படுத்தும் கூட்டுப்பணி சர்வரில்தான் இருக்கிறது. செவிலியர்கள் நோயாளி வீட்டு வாசலில் நின்று கைபேசியில் அதைத் திறந்து பார்த்துவிட்டே உள்ளே போகிறார்கள்.

2. இந்தச் சர்வர் இரண்டு பதிப்புகள் பின்தங்கிவிட்டதால், அதிலேயே உள்ள அப்கிரேட் வசதியைக் கொண்டு புதுப்பிக்கும்படி தொழில்நுட்பப் பிரிவு சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வழியில் ஒரு பதிப்பைத் தாண்டி நேராக அடுத்ததற்குப் போக முடியாது. நடுவில் உள்ளதற்கு ஏறி, பிறகு மேலே ஏற வேண்டும். அது முடியும் வரை யாரும் எதையும் திறக்க முடியாது. அதற்கு ஒதுக்கப்பட்ட காலம் மூன்று நாள்.

3. சுற்றறிக்கையை நான் அலட்சியம் செய்யவில்லை. சர்வரின் நகல் ஒன்றை வேறொரு கணினியில் வைத்து, சொன்னபடியே செய்து பார்த்தேன். முதல் படி பத்தொன்பது மணி நேரம் எடுத்தது. இரண்டாம் படி பாதியில் நின்றது. மருந்து நேரப் படிவம் வெறும் வெள்ளையாகத் திறந்தது. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏதோ ஒரு துணை மென்பொருளை ஒட்டி அந்தப் படிவத்தைச் செய்திருக்கிறார். அதைத் தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை.

4. கிளைப் பொறுப்பையும் வகிக்கும், நாங்கள் பெரியக்கா என்று அழைக்கும் தலைமைச் செவிலியரிடம் அந்த வெள்ளைத் திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “மூணு நாள் பூட்டிட்டு, திறந்தா இப்படி இருந்துச்சுன்னா, யாருக்கு என்ன மருந்துன்னு நான் கைரேகை பாத்தா சொல்றது?” என்றார். தொழில்நுட்பப் பிரிவுக்கு இருமுறை எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, “சுற்றறிக்கையில இருக்கறதைச் செய்யுங்க மேடம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். எங்கள் வேலையில் அப்புறம் என்பது சில நோயாளிகளுக்கு இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

5. கணக்குப் பிரிவு சென்ற ஆண்டு தன் கோப்புகளுக்காக வாங்கிய இடமாற்றக் கருவி ஒன்று சும்மா இருப்பது தெரிந்து, அவர்களிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றேன். இது பழைய சர்வரைத் தொடாது. பக்கத்தில் புதியதை நிறுவி, பகுதி பகுதியாக, வேண்டியதை மட்டும், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகளோடு எடுத்துச் செல்லும். பிசகினால் அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். தொழில்நுட்பப் பிரிவின் பதிலுக்குக் காத்திராமல் தொடங்கியது தவறுதான். அந்தத் தவறு என்னுடையது.

6. பிசகவும் செய்தது, அதை மறைக்க விரும்பவில்லை. போனாலும் யாரும் அழமாட்டார்கள் என்று விடுப்பு விண்ணப்பங்களை முதலில் நகர்த்தினோம். அனுமதிகளை நான் சரியாகப் பொருத்தாததால், நாற்பது நிமிடம் எல்லோருடைய விண்ணப்பமும் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஓட்டுநர், தன் மச்சான் கல்யாணத்துக்கென்று ஒரே ஆண்டில் மூன்று முறை விடுப்பு எடுத்திருந்தது சாப்பாட்டு அறையில் வாசிக்கப்பட்டது. “மூணும் வேற வேற மச்சானுங்க” என்று அவர் மூன்று அழைப்பிதழ்களையும் மறுநாள் கொண்டுவந்து காட்டினார். அவரிடமும் மற்றவர்களிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பகுதியை அழித்து மறுபடி சரியாக நகர்த்தினேன். நோயாளிகளின் குறிப்புகள் அப்போது பழைய சர்வரில்தான் இருந்தன.

7. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பார்க்க வேண்டியிருந்தது. புண் அளவு அட்டவணை மட்டும் பதினொரு வடிவங்களில் கிடந்தது. தன்னுடையதே சரி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியக்கா எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் பரப்பி, “எது நல்லதுன்னு முடிவாகாம யாரும் டீ குடிக்கக் கூடாது” என்றார். அரை மணி நேரத்தில் ஒரே அட்டவணை பிறந்தது. ஏழு ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் நடக்காதது இது.

8. மருந்து நேரப் படிவம் அப்படியே வரவில்லை. ஆனால் கருவி அதன் உள்ளிருந்த பதிவுகளை வெறும் பட்டியலாக எடுத்துக் கொடுத்தது. இரண்டு நாளில் படிவத்தைப் புதிதாகச் செய்தேன். செவிலியர்கள் தங்கள் கைக்குறிப்பேட்டை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்கள். பழையதில் 412, புதியதில் 411. அரை நாள் தேடினோம். ஒரே பெயருடைய இருவரை நான் ஒருவராக்கியிருந்தேன். அவர்களைப் பிரித்ததும் 412 ஆனது. பெரியக்கா எழுந்து வந்து கைகொடுத்தார். சாயங்காலம் வரை விரல் வலித்தது. அதுவும் இனிப்பாகவே இருந்தது.

9. திங்கட்கிழமை எல்லோரும் புதிய சர்வருக்கு மாறினார்கள். பத்து மணி வரை என் தொலைபேசி அடிக்கவேயில்லை. கெட்டுவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். பத்தரை மணிக்கு ஒரு புகார் வந்தது. நான்காவது மாடியில் ஒரு நோயாளி வீட்டு வாசலில் நின்றிருந்த செவிலியர், “அக்கா, இதுல ஏதோ கோளாறு இருக்கு, தொட்டவுடனே திறந்துடுச்சு” என்றார். அன்று வந்த புகார் அது ஒன்றே.

10. இந்நிலையில், விதியை மீறியதற்கு ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று பெரியக்காவிடம் கேட்கப்பட்டிருக்கிறது. பழைய சர்வரை மறுபடி இயக்கி, சுற்றறிக்கைப்படி மூன்று நாள் பூட்டி அப்கிரேட் செய்யவும் உத்தரவு வந்துள்ளது. மற்ற ஆறு கிளைகளும் இம்மாதம் 22ஆம் தேதி பூட்டப்பட இருக்கின்றன. உள்ளமைந்த அப்கிரேட் எல்லா இடத்துக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. துணை மென்பொருள் எதையும் கூட்டிச் சேர்க்காத கிளைக்கு அதுவே போதும். எது எந்தக் கிளைக்கு என்பதை நகலில் செய்து பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

11. எனவே, பெரியக்காவின் பெயரில் உள்ள கடிதத்தைத் திரும்பப் பெற்று, கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கவும், 22ஆம் தேதி மூடலை நகல் சோதனை முடியும் வரை நிறுத்திவைக்கவும், இன்னும் நான்கு மாத உரிமம் மீதமுள்ள அந்தக் கருவியை மற்ற கிளைகளுக்கும் தரவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அனுமதி கிடைத்தால் ஆறு கிளைகளுக்கும் நானே போகத் தயார். ஆறாம் கிளையினர் எனக்கு ஜன்னலோர நாற்காலி ஒதுக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் உத்தரவை நம்பிக்கையோடு எதிர்பார்க்கும்,

(கையொப்பம்)
கணினிப் பராமரிப்பாளர்

இடம்: நான்காம் கிளை
நாள்: 9 ஜூன்

இணைப்பு: நகல் சோதனை அறிக்கை, இருமுறை எழுதிய கடிதங்கள், கிளையினர் அனைவரின் கையொப்பம். கடைசிக் கையொப்பம் பிரசவ விடுப்பில் இருக்கும் செவிலியருடையது. செய்தி கேட்டுக் குழந்தையோடு வந்து போட்டுச் சென்றார். அதன் பக்கத்தில் இருக்கும் மைக்கறை குழந்தையின் கை பட்டதால் வந்தது. தாளை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.