மூன்றாவது ஜன்னல்

என் உயிரான ரோஸ் அக்கா,

நீ கண்மூடி இரண்டு வருஷமாகியும், உன்னிடம் சொல்லாமல் நான் எந்தக் காரியத்தையும் விட்டதில்லை. இன்று காலை ஒரு காகிதம் என் சட்டைப்பையில் கிடந்து நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. உன் மகள் செலின் மடத்தில் சேர, குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் காகிதம். பள்ளிக்கூடம் நடத்துகிற சிஸ்டர்மார் மடம் இல்லை அக்கா. நம்ம ஊர்ப்பக்கம் இருக்கிற, உள்ளே போனால் வாசல் தாண்டாத ஜெப மடம். பார்க்கப் போகிறவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும்.

இன்னொரு பக்கம் ஓமான் நாட்டுச் சலாலாவில் ஏசி வேலை பார்க்கும் பையனின் வீட்டார். நான் கொண்டுவந்த சம்பந்தம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். "உன் கல்யாணம்தான் அம்மாவுக்குக் கடைசி ஆசை" என்று செலினிடம் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தேன்.

என் சாமர்த்தியம் உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவன் என்றாலும், துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கிரேன் அசையாது. இதே ஊரில் நர்ஸாக இருக்கும் இந்தப் பிள்ளையையா மடக்க முடியாது? அவளைப் பயங்காட்ட, அந்தக் கால ஐரோப்பாவின் கன்னியர்களைப் பற்றிக் கோவில் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். நாலு பக்கம் படித்தேன். மீதிக்கு என் மூளை போதும்.

காலைப் பூசை முடிந்ததும் சத்வா டீக்கடையில் அவளை உட்காரவைத்துத் தொடங்கினேன். "அப்பல்லாம் கோயில் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை கெட்டுவாவ. பொண்ணை உள்ள விட்டு, செத்தவங்களுக்குச் சொல்லுத ஜெபத்தைச் சொல்லி, பிஷப்பே நின்னு வாசலை அடைச்சிருவாரு. ரெண்டாயிரம் செங்கல்."

செங்கல் என் கைச்சரக்கு.

அவள் கண்ணிமைக்கவில்லை. "ஜன்னல் உண்டா மாமா?"

நான் படித்த பக்கங்களில் ஜன்னல் பேச்சே இல்லை. விடுவேனா? "மூணு உண்டு. ஒண்ணு பீடத்தைப் பாக்க. ஒண்ணு சோறு தள்ள. இன்னொண்ணு, சங்கடத்தோட வாறவங்க நின்னு பேச."

"சரியாத்தான் சொல்லுதிய. மூணுதான். நானும் படிச்சிருக்கேன்."

என் ஆயுளில் நான் அடித்துவிட்ட ஒன்று உண்மையானது இன்றைக்குத்தான் அக்கா. அதுவும் எனக்கு எதிராக.

"அந்த மூணாவது ஜன்னலுக்காகத்தான் போறேன் மாமா. வார்டுல ஒரு நோயாளி பேச வாயெடுத்தா, அடுத்த பெட்டுல கூப்பிடுதாவ. நின்னு கேக்க நேரமில்லை." டீயைத் தள்ளிவைத்தாள். "அம்மா கல்யாணம்னு நெசமாவே சொன்னாவளா? இல்ல, அதுவும் இந்தச் செங்கல் மாதிரியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நீ சொன்னது ஒரே வரிதானே? "அவளைத் தனியா விட்டுராதடே." கல்யாணம் நான் சேர்த்தது. ஒரு பெண் தனியாக இல்லாமலிருக்க வேறென்ன வழி என்று நினைத்துவிட்டேன். தப்பா அக்கா?

உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"அங்க பதினோரு பேரு இருக்காவ. நான் தனியா இல்ல மாமா," என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க பாக்க வருவியளா?"

சலாலாவுக்குப் போன் பண்ணி, இல்லை என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

இனி ஒவ்வொரு லீவுக்கும் விமானத்தை விட்டிறங்கி, பெட்டியோடு நேராக அந்தக் கம்பி முன்னால்தான் போய் உட்காருவேன். அங்கே என்னவெல்லாம் அளந்தாலும், நீ சொன்ன அந்த ஒரு வரியோடு மட்டும் இனி ஒரு சொல்லையும் சேர்க்கமாட்டேன்.

செலினின் தாய்மாமன்,
உன் கடைக்குட்டித் தம்பி
சூசை