அடிக்காமல் விட்ட கொக்கி

இன்று பிற்பகல் கூடத்து ஜன்னலின் சுருள் திரையைக் கழற்றிவிட்டேன். அதை ஏற்றி இறக்கும் வெள்ளை மணிச்சங்கிலி என் மடியில் கிடக்கிறது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

பெரம்பலூரில் நாங்கள் வீடு கட்டி முடித்தபோது, அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து என்னோடு கடை கடையாக அலைந்த தோழி நீ. மூங்கில் திரையைத் தடவித் தடவிப் பார்த்தாய். எனக்கோ தேக்கு நிறக் கதவுக்கும் வெண்ணெய் நிறச் சுவருக்கும் பொருந்த வேண்டும், போனில் எடுத்துவைத்திருந்த படத்தைப் போலவே.

"மேக்க பாத்த வூடுடி. மூணு மணி வெயிலு மூஞ்சில அடிக்கும். மொதல்ல அதப் பாரு, அழகு அப்பறம்" என்றாய்.

"பேசாம வா. ஒன் வூட்டு ஜன்னல்ல பழைய வேட்டிதான தொங்குது?"

"வேட்டின்னா தொவைக்கலாம். இத எப்படித் தொவைப்ப?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். கடைசியில் என் விருப்பப்படி சாம்பல் நிறச் சுருள் திரை வந்தது. மாட்ட வந்தவர், சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கியை மறந்துவிட்டு, மறுவாரம் எடுத்து வந்தார். அதற்குள் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. "வயித்துப்புள்ளக்காரி இருக்கற வூட்டுல சுவத்துல ஆணி எறங்கக் கூடாதுப்பா" என்று மாமியார் அவரைத் திருப்பி அனுப்பினார். இயற்பியலில் முதுகலை படித்த நானும் தலையாட்டினேன்.

மகள் பிறந்த பிறகு கொக்கியை எல்லோரும் மறந்தோம், உன்னைத் தவிர. வரும்போதெல்லாம் சங்கிலியை எட்டாத உயரத்தில் ஜன்னல் கம்பியில் சுற்றிவைப்பாய். போனிலும் "கொக்கி அடிச்சியா?" என்பாய். ஒரு நாள், பாப்பா தூங்கவிடாத எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "பெத்தவளுக்குத் தெரியாதா? புள்ள இல்லாதவங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பயம்."

"சரிடி. பாப்பாவப் பாத்துக்க. வச்சிடறேன்" என்றாய்.

அடுத்த வாரம் காய்ச்சலில் விழுந்தாய். திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது; அது திரும்பவே இல்லை. மன்னிப்பை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உன் காலடியில் நின்றேன்.

இன்று அடுப்படியில் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பாப்பாவின் சத்தம் நின்றது. ஓடினேன். சோபாமேல் ஏறி, சங்கிலி வளையத்தை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு காலைக் கீழே இறக்கப் போனாள். என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு. அப்படியே அள்ளிக்கொண்டேன். ஒரு கீறல்கூட இல்லை.

"அதான் ஒண்ணும் ஆகலியே, ஏம்மா அழுவுற?" என்கிறார் மாமியார். பாப்பாவுக்காக மட்டும்தான் அழுகிறேன் என்று நினைக்கிறார்.

இனி எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காருமுன் ஜன்னலில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பேன். குழந்தை இருக்கும் வீடென்றால் வாய்விட்டுச் சொல்வேன். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் மறுமுறையும் சொல்வேன். அவர்கள் சுருக்கென்று ஏதாவது சொன்னால், வாங்கிக்கொள்வேன்.