மாடியின் புதுப் பூட்டு

மதிப்பிற்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு,

கீழ்வீட்டில் குடியிருந்தவள் எழுதுவது. நானும் உங்கள் அண்ணனும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். கோபமாக இருக்கும்போதும் நான் வேண்டுதலை நிறுத்துவதில்லை. “தம்பி” என்று தொடங்கத்தான் கை போனது. பழக்க தோஷம். என் அத்தை, உங்கள் அம்மா, காலமானதும் நீங்கள் எங்களிடம் நீட்டிய வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து, சரியாக எழுதிக்கொண்டேன்.

நேற்று தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு உங்கள் அண்ணன், “அவகிட்ட கேட்டுச் சொல்றேன்டா” என்று வைத்துவிட்டார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. வந்திருந்தால், “ஒரே பேர்ல இருந்தா லோன் சுலபம்ணே” என்று நீங்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பிறந்த வீட்டை உங்கள் பெயருக்கு விட்டிருப்பாரா? ஆகவே பதிலை நான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். மாடிக் குளியலறையில் குழாய் வெடித்ததில் கீழே சமையலறைக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. கூடத்துச் சுவர் உப்பி நிற்கிறது. மின்சார வேலைக்காரர் கைவைக்கவே மாட்டேன் என்கிறார். சத்தம் கேட்டதுமே மாடிக்கு ஓடினேன். நீங்கள் மாட்டிய புதுப் பூட்டுதான் என்னை வரவேற்றது. தொட்டி வால்வும் அந்தக் கதவுக்கு உள்ளேதான். உங்களை அழைத்தேன். “அண்ணி, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம்” என்றீர்கள். அந்த அப்புறம் வருவதற்குள் தண்ணீர் எங்கள் கட்டில்வரை வந்துவிட்டது. மறுநாள் உங்கள் நண்பர் சாவியோடு வந்து வால்வை மூடினார். மறக்காமல் மறுபடி பூட்டிக்கொண்டும் போனார்.

இனி காப்பீடு. அத்தை இருந்தவரை அதை வருடம் தவறாமல் எடுத்துவந்தவள் நான். ஏஜெண்ட் அம்மா வந்து, வீடு யார் பெயரில், எந்தத் தளத்தில் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். அத்தைக்குப் பிறகு நீங்கள் அங்கிருந்தே கணினியில் எடுத்தீர்கள். உரிமையாளரே குடியிருக்கும் வீடு என்று எழுதிவிட்டீர்கள். அதில்தானே கட்டணம் குறைவு. நகல் இங்கே வந்ததும் உங்களை அழைத்தேன். கீழே வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், மாடியில் ஆளில்லை, அதையெல்லாம் சொல்லி வேறு வகை எடுக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள், “அண்ணி, வாடகைக்கு இருக்கறவங்க வாடகைக்கு இருக்கற மாதிரி இருங்க” என்றீர்கள்.

நியாயம்தான். அப்படியே இருந்தேன். ஏஜெண்ட் அம்மாவை வரவழைத்து வாடகைதாரருக்கான காப்பீடு கேட்டேன். “சுவரும் கூரையும் வீட்டுக்காரர் பாடும்மா. உள்ள இருக்கற சாமான் மட்டும்தான் உங்க பேர்ல வரும்” என்றார். “தாராளமா. அந்தச் சுவர் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல் இயந்திரம், பீரோ, மெத்தை எல்லாவற்றுக்கும் இப்போது ஈடு கிடைத்துவிட்டது. வீடு சரியாகும்வரை வேறிடத்தில் தங்கும் வாடகையும் அதிலேயே சேர்த்தி. இப்போது நாங்கள் தங்கியிருக்கும் இந்த வீட்டில் கூரை சொட்டுவதில்லை. இங்கேயும் வீட்டுக்காரர் மாடியில்தான். ஆனால் அவர் நிஜமாகவே இருக்கிறார்.

உங்கள் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார். அவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்கள். “நான் மாடியிலதான் குடியிருக்கேன், லீவுக்குத்தான் வெளியூர் போனேன்னு அண்ணி ஒரு வார்த்தை சொன்னா போதும். அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு தெருவுக்கே தெரியும்.” ஒரு பொய்க்குச் சாட்சியாக நிறுத்தவா இத்தனை காலம் நான் வாயைக் காத்தேன்?

அவர் கேட்பார், நான் உள்ளதைச் சொல்வேன். அத்தையை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து மாடியில் யாரும் படுத்தது இல்லை. காரியத்துக்கு வந்த மகன்கூட ஓட்டலில்தான் தங்கினார். பூட்டை மாற்ற மட்டும் மாடி ஏறினார். இவ்வளவுதான். இது பழிவாங்குவதா என்று ஆண்டவனிடமும் கேட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்குப் பழி தீர்க்கப் பொய் வேண்டியிருக்கும். எனக்கு உண்மையே போதுமானதாக இருக்கிறது.

காப்பீடு கைவிட்டால் கூரையை உங்கள் கைக்காசில் போடுங்கள். லோன் வாங்கினாலும் சரி. ஒரே பெயரில் இருக்கிறதே, சுலபம்.

உங்கள் அண்ணன் வேலை முடிந்து வரும் வழியில் அந்தப் பழைய வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறார். கேட்டால், “மழை வந்தா என்ன ஆகும்னு பாத்தேன்” என்கிறார். உள்ளே போக அவரிடம் சாவி இல்லை. அத்தையின் கம்பளி மாடியில் நனைந்தபடி கிடக்கும். அதை எடுத்துக் காயப்போடவாவது ஒரு சாவியை அவர் கையில் கொடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மற்றபடி, நிறைய ஆளும் பேச்சுமுள்ள வீட்டில் நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். முடியாத காலத்தில் நீங்கள் உள்ளேயிருந்து கூப்பிடும்போது, கதவுக்கு வெளியே நிற்பவர் கையில் சாவி இருக்க ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடகைதாரர்