முப்பது பேருக்கு ஒரு டோக்கன்

சேலையூர்,
9.5.1992

அன்புள்ள அம்மாவுக்கு,

புஷ்பம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வெளியே போன பிறகு தங்கச்சி எஸ்தரை இதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். பயப்படாதீர்கள், இப்போது பரவாயில்லை. கம்பெனியில் முப்பது பெண்களுக்குக் கக்கூஸ் போக ஒரே டோக்கன்தான். அதை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்க வேண்டும். "இன்னாம்மா, மறுபடியுமா?" என்பார், எல்லோர் காதிலும் விழும்படி. அந்த வெட்கத்தில் தண்ணீரே குடிக்காமல் சாயந்திரம்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிந்தது, கொஞ்சம் ரத்தமும் வந்தது.

"இது சூடு இல்லம்மா, கிருமி. தண்ணி நிறையக் குடி. வந்தா அடக்காதே. மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதே" என்று டாக்டரம்மா திட்டினார்கள்.

என் பெயர் வெட்டிய செம்பை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அம்மா, இருட்டினால்தான் ஒதுங்க முடியும் என்று நீங்களும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. எரிச்சல் வந்தால் சூடு என்று வெந்தயம் விழுங்குகிறீர்கள். மெட்டில்டா டீச்சர் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது. கேட்பதற்கு என்னைப் போல வெட்கப்படாதீர்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எஸ்தர், படித்தது போதும். எழுந்துபோய் அம்மாவுக்கு அந்தச் செம்பில் தண்ணீர் கொடு. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு.

புஷ்பம்