சைபரை மாற்றிக் கொடுத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று மத்தியானம் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். தேக்குத் தூள் வாசம் குப்பென்று வந்தது. வார்ப்புப் பட்டறைகளுக்கு மர அச்சு செய்யும் உங்கள் வீட்டுக்காரர், மிஞ்சிய பலகையில் அறுத்துக் கொடுத்த வில்லைகள். எண்களும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சமன் குறிகளும் உங்கள் கையெழுத்தில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகச் செய்த ஆட்டம். ஆட்டப் பலகையில் வில்லைகளை அடுக்கிச் சமன்பாடு அமைக்க வேண்டும். குறுக்கே படித்தாலும் கீழே படித்தாலும் கணக்குச் சரியாக வர வேண்டும். முதலில் ஆடிப் பார்க்க ஆள் தேடிக் கீழ்வீட்டுக்கு, என்னிடம் வந்தீர்கள்.

“ஏனம்மணி, ஒரு அரை மணி நேரம் மேல வாரியா?”

“நா எட்டாவதோட நின்னவளுங்க்கா.”

“மளிகை நோட்டை ஒரு புள்ளி பிசகாம எழுதறவ, எங்கிட்ட வந்து எட்டாவதுங்கறயா? வா, வா.”

வந்தேன். சைபர் கைக்கு வந்ததும் தயங்கினேன். அரிசி தீர்ந்தாலும் ‘இல்லை’ என்று வாயால் சொல்லாத வீடு எங்களுடையது. சமன் குறிக்கு அந்தப் பக்கம் வெறும் சைபரை வைக்க மனம் வரவில்லை. நீங்கள் சிரித்த சிரிப்பில் காப்பி புடவையில் கொட்டியது. ஆனால் வற்புறுத்தவில்லை. எனக்குச் சைபர் வரும்போதெல்லாம் அதை வாங்கிக்கொண்டு, உங்கள் வில்லை ஒன்றைக் கொடுத்தீர்கள்.

மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன். வீட்டில் பெருமையடித்துவிட்டுப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. என் சைபரெல்லாம் உங்கள் கையில் அல்லவா தேங்கிக் கிடந்தன? நீங்கள் விட்டுக்கொடுத்துத்தான் நான் ஜெயித்திருக்கிறேன். நான்கு நாள் மாடி ஏறவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நேரே வந்தேன்.

“இனி மாத்திக் குடுக்காதீங்க்கா. ஜெயிச்சா நானே ஜெயிக்கோணும்.”

“அப்ப சைபரை வெப்பியா?”

“முருகன்கிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க வந்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லலீங்க.”

“வேண்டாம்னு சொல்லலையல்ல? உக்காரு.”

ஒன்பதில் ஒன்பதைக் கழித்துச் சைபரை வைத்தேன். அதன்பின் மாதக்கணக்கில் தோற்றேன். நீங்கள் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

நம் கடைசி ஆட்டம், நீங்கள் நோயில் படுத்தபின், உங்கள் கட்டிலில். நீங்கள் தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். ஐந்தைச் சைபரால் பெருக்கி, சைபரையே விடையாக வைத்து நான்கு புள்ளியில் முந்தினேன். மறுபடி விட்டுக்கொடுத்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். “கையக் காட்டுங்க்கா” என்றேன். காட்டினீர்கள். இரண்டு வகுத்தல் குறி, ஒரு ஏழு. பலகையில் எங்கும் வைக்க வழியில்லை.

“நல்லாப் பாத்துக்க அம்மணி. நெசமாலுமே தோத்துப்போட்டேன்.”

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தோற்று நான் பார்த்ததில்லை.

நீங்கள் போனபின் டப்பாவை உங்கள் மகள் என்னிடம்தான் கொடுத்தாள். இப்போது மாடியில் குடியிருக்கும் பெண்ணோடு ஆடுகிறேன். அவளுக்கு வகுத்தல் குறி என்றாலே பயம். “வேற மாத்திக்கட்டுங்களா?” என்கிறாள். வாங்கிக்கொண்டு என் வில்லை ஒன்றை நீட்டுகிறேன். இன்றோடு மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டாள்.

அவள் கோபித்துக்கொண்டு என் கதவைத் தட்டும் நாளுக்குத்தான் காத்திருக்கிறேன், அக்கா.