மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவாள்

தீவிலிருந்து,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகள், என் அக்கா மகள் வின்காவுக்கு மாமா யெர்கோ எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு திடமாகத்தான் இருக்கிறோம், மழை விடாத அந்த அயர்லாந்துக் கால்வே ஊரில் நீயும் நீ ஆராய்கிற மீன்காதுக் கற்களும் நலம்தானே. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இதோடு வைத்திருக்கிற தாள் அசல், அதைத் தபாலில்தான் அனுப்ப முடியும். அதோடு, போனில் பேசும்போது உன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொய், அதுவும் பொய் என்று தாளம் போடுகிறாள், அந்தச் சத்தத்தில் ஒரு மனுஷன் எப்படி உண்மையைச் சொல்வது. அந்தத் தாள் எப்படிக் கிடைத்தது என்பதை நீ என் வாயால்தான் கேட்க வேண்டும், எதிர்க்கரை ஸ்பிளிட் நகரத்தில் வேறு யாராவது சொல்லிக் கேட்கக் கூடாது. அதனால் உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. போன வாரம் நான் பிடித்த பேய்க்கணவாய் ஏழு கிலோ இருக்கும். உன் அத்தை மூன்று என்பாள், அவள் கண்ணாடி மாற்றி நாலு வருடமாகிறது என்பதை மனதில் வைத்துக்கொள். துறைமுகக் கல்லில் அதை அடித்து மென்மையாக்கியபோது கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்திப்பழம் இந்த வருடம் சீக்கிரமே பழுத்துவிட்டது, அத்தை பலகையில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள், உனக்கென்று தனி டப்பா உண்டு, அதில் நான் கைவைக்கவில்லை, வைத்தது இரண்டே தடவைதான். கரைக்கும் தீவுக்கும் ஓடுகிற பெரிய படகுக்குப் புது கேப்டன் வந்திருக்கிறான், நேராகக் கரையணைக்கத் தெரியவில்லை, மூன்று முறை முட்டிப் பார்க்கிறான். அந்தப் படகில் வேலை பார்த்து நான் கயிறு வீசிய முப்பத்தோரு வருடத்தில் கேப்டன்கள் பெயருக்குத்தான் நின்றார்கள், கப்பலை நிறுத்தியது என் கயிறு, இதை அந்தக் கேப்டன்களே ஒப்புக்கொள்வார்கள், உயிரோடு இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

காப்பிக்கடையில் அந்த ரிட்டையரான தபால்காரன் டூயே இருக்கிறானே, எல்லார் காதிலும் விழும்படி, என்ன யெர்கோ, உன் மருமகளுக்கு முப்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் எந்த நாட்டுலயும் அவள ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிக்க மாட்டேங்கிறாங்களாமே என்று கேட்டான். நான் விடுவேனா. அட மடையா, ஒரே நாடு அவள வெச்சிக்கிட்டா மத்த நாடெல்லாம் சண்டைக்கு வந்துடும், அதனால ஐரோப்பா பூரா கூடிப் பேசி ஆளுக்கு ரெண்டு வருஷம்னு பங்கு போட்டிருக்காங்க, உன் மகன யாராவது பங்கு கேட்டாங்களா என்றேன். கடையே சிரித்தது, டூயே தன் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆனால் மேட்டில் ஏறி வீட்டுக்கு வரும்போது அவன் கேட்டது செருப்புக்குள் போன கல்லைப் போல என்னோடேயே வந்தது. இத்தாலியின் டிரியெஸ்தேயில் டாக்டர் பட்டப் படிப்புக்கு நாலு வருடம், நார்வேயின் பெர்கனில் இரண்டு, இப்போது கால்வேயில் இரண்டு, அதுவும் வருகிற மார்ச்சோடு முடிகிறது. ஒவ்வொரு ஊரிலும் வாங்கிய வாணலி, மிதியடி, சைக்கிள் எல்லாவற்றையும் அடுத்து வருகிறவளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியோடு கிளம்புகிறாய். பெர்கனில் ஒரு எலுமிச்சைச் செடி வைத்திருந்தாயே, படம்கூட அனுப்பினாய், அது இப்போது யார் ஜன்னலில் இருக்கிறது. சிநேகிதம் பழகி, ரொட்டிக்கடைக்காரனுக்கு உன் பெயர் தெரிகிற நேரத்துக்கு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. நீ இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாய், உன் சிரிப்பு எங்கே தேய்கிறது என்று எனக்குத் தெரியாதா, உன் ஆறு வயதில் என் அக்கா உன்னை எங்கள் கையில் விட்டுப் போன நாளிலிருந்து கேட்கிற சிரிப்பு அது.

இந்த வசந்தத்தில் நீ அந்த உதவித்தொகையைப் பற்றிச் சொன்னபோது நான் தலையாட்டினேன், பாதிதான் புரிந்தது, மீதியை உன் அத்தை எனக்குச் சொன்னாள். மாமா, இது நாடு விட்டு நாடு போற ஆராய்ச்சிக்காரங்களுக்கு, நான் நம்ம குரோஷியாவுல வேலை செய்யணும்னு கேட்டா, கடைசி மூணு வருஷத்துல பன்னெண்டு மாசத்துக்கு மேல குரோஷியாவுல குடியிருந்திருக்கக் கூடாது, லீவுக்கு வந்து போனது கணக்கில்லை என்றாய். இது என்ன நியாயம் என்று நான் ஒரு வாரம் சண்டை போட்டேன், உன்னோடு இல்லை, அத்தையோடு. ஊரில் இல்லை என்று நிரூபித்தால்தான் ஊருக்கு வரவிடுவார்களாம். மீனின் காதுக்கல்லைச் சீவிப் பார்த்தால் அது எந்த வருடம் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாய், மனுஷனுக்கு அந்த வசதி இல்லை, போலீஸ் முத்திரை வேண்டியிருக்கிறது. ஸ்பிளிட்டில் அந்தப் பேராசிரியை உனக்கு மேசையும் நுண்ணோக்கியும் தயார் என்று சொல்லிவிட்டார், திட்டத்தை எழுதி முடித்துவிட்டாய், செப்டம்பர் பத்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. நீ கொடுத்த வசிப்பிடச் சான்றைப் பார்த்த ஸ்பிளிட் அலுவலர், நீங்க தீவுலயே இருக்கறதா இதுல இருக்கே, போலீஸே வீட்டுக்கு வந்து பாத்து உறுதி பண்ணியிருக்காங்களே, இத மாத்தாம அனுப்பினா முதல் பார்வையிலயே தள்ளிடுவாங்க என்று சொல்லியிருக்கிறார். இது போனால் மார்ச்சுக்குப் பிறகு நீ எந்த நாட்டுக்குப் போவாய் என்று உனக்கே தெரியாது என்றாய். அப்படி ஒரு பதிவு எப்படி வந்தது மாமா என்று கேட்டாய். யாரோ குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான், நான் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் பார் என்று நான் சத்தம் போட்டேன். வின்கா, எந்தக் குமாஸ்தாவும் தப்பாக எழுதவில்லை. எழுத வைத்தவன் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம் அது. தீவுக்காரர்களுக்குப் படகில் குறைந்த கட்டணம் என்பதால் எதிர்க்கரையில் இருப்பவர்கள் பாதிப் பேர் இங்கே பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று புகார் போய், மிலாடென் என்று ஒரு இளம் போலீஸ்காரன் வீடு வீடாக வந்து யார் யார் நிஜமாகவே வசிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தான். நம் வாசலில் நின்று மூன்று பெயரையும் படித்தான். என் பெயருக்கு நான் என்றேன், அத்தையின் பெயருக்கு உள்ளே இருந்து சத்தம் வந்தது, அது போதும் என்றான். அப்புறம் உன் பெயரைப் படித்துவிட்டு, இவங்க இங்க இருக்காங்களா என்று கேட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை, ஏதோ கப்பலில் மீன் எண்ணப் போயிருந்தாய். இருக்கா, இப்பத்தான் படக எடுத்துக்கிட்டு கணவாய் பிடிக்கப் போனா, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுவா என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. நிறுத்தத் தெரியவில்லை. தேவாலயப் பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறாள் என்றேன், ஆலிவ் பறிப்பில் ஆண்களைத் தோற்கடிக்கிறாள் என்றேன். உள்ளே கூட்டிப் போய் உன் அறையைக் காட்டினேன், அத்தை வாராவாரம் விரிப்பு மாற்றுகிறாள் அல்லவா, ரூம் ரொம்ப ஒழுங்கா இருக்கே என்றான், அவ அப்படித்தான், எல்லாம் வெச்ச எடத்துல இருக்கணும் என்றேன். நீ இருக்கும்போது உன் அறையை நிஜமாகவே பார்த்தவர்கள் என்னை அங்கேயே கல்லால் அடித்திருப்பார்கள். நான் பயந்தது அத்தைக்குத்தான். இப்போது பொய் என்று ஒரு குரல் வரும், மானம் போகும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பையனிடம், கணவாய் கெடைக்கலன்னாலும் பரவால்ல தம்பி, மூணு பேருக்கும் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவெச்சிருக்கேன் என்றாள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தக் கீரையைச் சாப்பிட்டோம்.

நேற்று காலை இரண்டு பேருமாகப் பஸ் ஏறி டவுன் போலீஸ் அலுவலகத்துக்குப் போனோம். படகுக் கம்பெனியின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டேன், வெயிலில் வெந்தாலும் பரவாயில்லை, ஒரு மரியாதை வேண்டுமே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பஸ்ஸில் போகும்போது நான் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன், மருமகள் நார்வேயில் மீன் பிடிக்கிறாள் என்று நான் சொன்னதை அந்தப் பையன் காதில் சரியாக வாங்காமல் எழுதிவிட்டான் என்று. நல்ல கதை, ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அந்த மிலாடெனே எதிரில் வந்தான், இப்போது கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான், என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, வயதானவனுக்குத் தருகிற மரியாதையோடு, பார்பா யெர்கோ, உங்க மருமக நல்லாருக்காங்களா, அன்னிக்கு கணவாய் கெடச்சுதா என்று கேட்டான். அன்றைக்கு அவன் என்னை நம்பியிருக்கிறான் வின்கா, ஒரு வார்த்தை விடாமல் நம்பியிருக்கிறான். அவன் தலையில் பழியை எப்படிப் போடுவேன். கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பதிவுப் பிரிவில் ஸ்தென்கா என்று ஒரு அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டிருப்பவள். கோப்பை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். நேரில் விசாரிக்கப்பட்டது, குறிப்பிட்ட நபர் படகில் கணவாய் பிடிக்கச் சென்றுள்ளார், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சே பார்பா, சாப்பாடு ஆறிப்போயிருக்குமே என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நான் சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காதே. பிறகு சொல்லிவிட்டேன். அந்தப் பையன் மேல தப்பு இல்லம்மா, நான் சொன்னது பொய், அவ இங்க இல்ல, அத வாயால சொல்ல முடியல. ஸ்தென்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். பொய் வாக்குமூலம்னு எழுதணும், உங்க மேல நடவடிக்கை வரலாம், பரவால்லயா என்றாள். எழுதும்மா என்றேன்.

எந்தத் தேதியிலிருந்து அவள் வீட்டில் இல்லை என்று கேட்டாள். உன்னை ஏற்றிக்கொண்டு போன படகின் கயிற்றை அவிழ்த்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா, தெற்குக் காத்து, அலை கரைமேல ஏறி அடிச்சுது, கயிறு நனைஞ்சு இரும்பு மாதிரி கனத்துச்சு என்று சொன்னேன். காத்துக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல பார்பா, தேதி சொல்லுங்க என்றாள். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பின்னாலிருந்து உன் அத்தை, ரெண்டாயிரத்துப் பதினேழு, அக்டோபர் மூணு, செவ்வாக்கெழம, காலைல ஆறே கால் படகு என்றாள், அடுப்பில் உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுக்கிறோம், அவளுக்குள் அந்தத் தேதி இருப்பது எனக்குத் தெரியாது.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத வேண்டும் என்றார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு, என் எழுத்து உனக்குத் தெரியும். என் மருமகள் வின்கா இப்போதைக்கு இந்த வீட்டில் வசிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்தென்கா படித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள், இப்போதைக்குங்கற வார்த்தை வேணாம் பார்பா, அது இருந்தா அவங்க இன்னும் இங்கதான் இருக்கற மாதிரி ஆயிடும், ஸ்பிளிட்ல ஒத்துக்க மாட்டாங்க. வேறு தாள் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு எழுத எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று அத்தையைக் கேள், அவள் கூட்டிச் சொல்ல மாட்டாள். என் மருமகள் வின்கா இந்த வீட்டில் வசிக்கவில்லை. அதன் கீழே கையெழுத்து, அதன் மேலே முத்திரை. ஸ்தென்கா கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, வீட்டில் வசிப்போர் இரண்டு பேர், சரிதானே என்று கேட்டாள். சரி என்றேன். நான் சொன்னதிலேயே அதைவிடக் குறைந்த வார்த்தையில் ஒரு பதிலை நீ கேட்டிருக்க மாட்டாய்.

பஸ்ஸில் வரும்போது அத்தை என் நீலக் கோட்டின் பொத்தானை அவிழ்த்துவிட்டாள், வேர்க்கிறது என்று. இனிமேல் உன் தீவுக்காரி அட்டை செல்லாது, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதானால் சுற்றுலாக்காரி மாதிரி முழு டிக்கெட் எடுக்க வேண்டும், புது கேப்டனிடம் நான் பேசிப் பார்க்கிறேன், அவன் என் பேச்சைத் தட்ட மாட்டான், இது பொய் என்று அத்தை ஜன்னல் வழியாகச் சொல்கிறாள்.

தாள் கிடைத்த அன்றே படமெடுத்து ஸ்பிளிட்டுக்கு அனுப்பு, அசலை ஈரம் படாமல் வை, அந்தக் கால்வேயில் காகிதத்துக்குக்கூட ஜலதோஷம் பிடிக்கும் என்று நீதான் சொன்னாய். பத்தாம் தேதி வரை காத்திருக்காதே. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. டிசம்பரோ ஜனவரியோ முடிவு எப்போது வந்தாலும் முதல் போன் எங்களுக்கு, கிடைக்காவிட்டாலும் எங்களுக்குத்தான் முதல் போன், அதை மறைத்து வைத்துக்கொண்டு சிரிக்காதே. அத்தையும் நானும் தினமும் உன் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், கடல் உனக்கு வழி விட்டு நிற்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும். இன்னொன்று. வெளியே வரும்போது ஸ்தென்காவிடம் கேட்டேன், நாளைக்கு அவ வந்துட்டான்னா நானே வந்து பேரைச் சேர்த்துடட்டுமா, இந்தக் கோட்டையே போட்டுட்டு வரேன் என்று. முடியாதாம். பேரை எடுக்கறதுக்கு நீங்க போதும் பார்பா, சேர்க்கறதுக்கு அவங்க நேர்ல வந்து நிக்கணும் என்றாள்.

அப்படி ஒரு நாளுக்காக இங்கே இருக்கும்,
உன் மாமா
யெர்கோ