அவளுக்கு அந்த வெள்ளைச் சேலை வேண்டாம்

சுங்கம், கோயமுத்தூர்
1999 ஆகஸ்ட், சனிக்கிழமை

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். வழக்கம்போல இப்படி எழுதிவிட்டேன், எழுதின பிறகு அந்தச் சுகம் என்கிற வார்த்தையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடிக்கவும் மனசு வரவில்லை. அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன். உன் கடிதமும் கலர் படமும் செவ்வாய்க்கிழமை வந்தன. அப்பாவுக்கு பிரஷர் பரவாயில்லை, மாத்திரையை எங்கேயாவது வைத்துவிட்டு என்மேல் எரிந்து விழுவது மட்டும் குறையவில்லை. உன் தம்பி வின்ஸ்டனுக்குப் பரீட்சை முடிந்தது, எப்படி எழுதினாய் என்று கேட்டால் பேப்பர் டஃப்பும்மா என்கிறான், அதற்குமேல் கேட்டு என் வாயைக் கெடுத்துக்கொள்வானேன். நீ அங்கே காய்ந்த ரொட்டியை மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே, ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே.

உன் வேலையைப் பற்றி நீ எழுதியிருந்ததை அப்பா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டருக்குள்ளே ஓர் ஊரே இருக்கிறது, எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் ஆளுக்கு ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்கிறார்கள், அந்த உருவத்துக்கு அவதார் என்று பேர், அவர்களுக்குத் துணிமணி வரைந்து உடுத்திவிடுகிறதுதான் உன் உத்தியோகம். பக்கத்து வீட்டுப் பாவாத்தாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவதாரம்னா சாமியல்லங்க எடுக்கும், மனுசன் எடுப்பானுங்களா, அதுக்குச் சீலை வேற கட்டி உடோணுமாங்க என்று கேட்டாள். அப்பா உள்ளே இருந்தபடியே, அந்தத் துணி துவைக்கவும் வேண்டாம் தேய்க்கவும் வேண்டாம், உங்களுக்கெல்லாம் அதுதான் லாயக்கு என்றார். நன்றாகச் சிரித்தோம். இதெல்லாம் உறையைப் பிரித்து உன் கடிதத்தைப் படித்தபோது நடந்தது, படம் இன்னும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணு.

பிறகு படத்தை உருவினேன். அதில் நான் நிற்கிறேன். இருபத்தைந்து வயசு ரூத், என் மூக்கு, என் தாடை, தலையில் நெட்டு போட்டுக்கொண்டு, கல்யாணத்தன்று கட்டின அதே வெள்ளைச் சேலையில். நீ ஊருக்குப் போகும்போது எடுத்துப்போன கல்யாண ஃபோட்டோவைப் பார்த்து வரைந்தாயாம், அந்தக் கம்ப்யூட்டர் ஊரில் உங்கள் துணிக்கடை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாயாம், அம்மா இனிமேல் நீ எப்பவும் எங்கூடயே இருப்பே என்று அடியில் எழுதியிருக்கிறாய். நான் படத்தை மேஜைமேல் போட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த நிமிஷம் அந்தச் சேலை பெட்டிக்குள் இல்லை, என் எதிரில் கொடியில் காற்றாடிக்கொண்டிருந்தது. நீ ஹாஸ்டலில் படிக்கும்போது என் அம்மா இறந்தார்கள், உனக்குப் பரீட்சை என்று அடக்கத்துக்குக் கூப்பிடவில்லை, அதனால் உனக்குத் தெரிய நியாயமில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்யாணச் சேலையைப் பூச்சி விழாமல் காப்பாற்றி வைப்பது ஆசைக்கு மட்டும் இல்லை. கடைசியாகப் பெட்டியில் படுக்கவைக்கும்போது அதைத்தான் உடுத்துவார்கள். என் அம்மாவுக்கு நான்தான் உடுத்திவிட்டேன்.

அதை ஏன் வெளியே எடுத்தேன் என்று சொல்லாமல் இந்தக் கடிதம் நகராது. எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. கொஞ்ச நாளாகவே தீட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டேன், சர்ச்சில் எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தபிறகுதான் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையோட எடுத்தறலாமுங்க, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு சொல்ல முடியுமுங்க என்றார். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன், முதல் நாளே போய்ப் படுக்க வேண்டும். பாப்பாவுக்குச் சொல்லாதே, அத்தனை தூரத்தில் தனியாக இருக்கிறவள் என்ன செய்வாள், முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை. மயக்க மருந்துக்குத்தான் பயப்படுகிறேன். தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குமுங்கம்மா என்று அந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார், எழுந்திருக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடமும் இப்படித்தானே சிரித்துச் சொல்லியிருப்பார்கள். தேதி குறித்துவிட்டு வந்த அன்றைக்கே, இருக்கட்டும் என்று சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. நீ அதை எனக்கு உடுத்தி, படம் பிடித்து அனுப்பினது அன்றைக்கே தபாலில் வந்து நிற்கிறது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன், சொல்லு.

பாவாத்தாள் காப்பித்தூள் கேட்டு வந்தவள் கொடியில் தொங்குகிற சேலையையும் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த படத்தையும் பார்த்தாள். அவளுடைய ஜனங்களுக்கு வெள்ளைச் சேலை என்றாலே தாலி அறுத்த வீடுதான். என் மூக்கைப் பார்த்துவிட்டு உன்னை என்றே நினைத்துக்கொண்டாள். ஐயோ சாமி, பாப்பாவுக்கு என்னங்க ஆச்சு, வெள்ளைச் சீலையில நிக்குதுங்களே என்று அலறிவிட்டாள். அடி பைத்தியக்காரி அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று நான் கத்த, அப்பறம் ஏனுங்க பாதத்தையே காணோம் என்று கேட்டாள் பார். அதுவரைக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை. உண்மைதான் கண்ணு, நீ கால் வரையவில்லை. சேலை தரையைத் தொடாமல் நிற்கிறது, அடியில் ஒன்றும் இல்லை. கால் இல்லாமல் நடக்கிறது எது என்று எந்த ஊர்க் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இந்தக் கூத்துக்கு நடுவில் அப்பா வந்தார், படத்தை வாங்கிப் பார்த்தார், அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அட, அன்னிக்கு இருந்தாப்பலயே இருக்கறே அம்மிணி, இதுக்கு ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிப்போடறேன் என்றார். ஃப்ரேம் போட்டு யாரை மாட்டுவார்கள்? உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷர் மிரண்டுபோய்ப் படத்தை பைபிளுக்குள் வைத்துவிட்டார். பைபிளைத் திறக்கவும் எனக்கு இப்போது பயம்.

நான் சோறு இறங்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு வின்ஸ்டன் நேற்று என்னை கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வந்து பாரும்மா, அது வெறும் பொம்மை, பார்த்தா உனக்கே சிரிப்பு வந்துரும் என்றான். ஒரு பலகைத் தடுப்புக்குள் உட்காரவைத்தார்கள், ஏசி குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உன் ஊர் உடனே வரவில்லை. முதலில் வானம், பிறகு கடை, பிறகு என் தலை, கழுத்து, மெதுமெதுவாகச் சேலை. கடைவாசலில் நான் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். கண் சிமிட்டவே இல்லை. என் தலைக்குமேல் வெல்கம் என்று இங்கிலீஷில் ஓர் எழுத்து மிதக்கிறது. மீன் தலையும் கோட்டு சூட்டும் போட்ட ஒருவன் எனக்கு நேரே வந்து நின்றான், அவன் தலைக்குமேலும் எழுத்து வந்தது, இந்த டிரெஸ் எனக்குக் கிடைக்குமான்னு கேக்கறாம்மா என்று வின்ஸ்டன் படித்துச் சொன்னான். எடுத்துக்கொண்டு போகட்டும், முழுசாக எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. மீன்காரன் நின்றான், நான் பாதித் திரும்பினபடி கண்ணைத் திறந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வின்ஸ்டன் தட்டுகிறான், அசைவே இல்லை. எனக்கு வியாழக்கிழமை வந்துவிட்டதுபோல் இருந்தது. ஆண்டவரே என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

சென்டர்காரத் தம்பி அலட்டிக்கொள்ளாமல் வந்து எட்டிப் பார்த்தான். ஹேங் ஆயிருச்சுங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா வந்துருமுங்க என்றான். வராவிட்டால் என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வராம எங்கீங்க போகும், செத்த இருங்க என்று பட்டனை அமுக்கினான். திரை இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் என் முகம்தான் தெரிந்தது, இந்த ஐம்பது வயசு முகம், வியர்த்துப்போய். வின்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு வானம் வந்தது, கடை வந்தது, என் தலை வந்தது. மீன்காரன் போய்விட்டிருந்தான். நான் மட்டும் அதே இடத்தில் மறுபடி சுற்ற ஆரம்பித்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன்கள் எழுந்து பார்த்தார்கள், வின்ஸ்டனுக்கு மானம் போயிற்று.

கண்ணு, தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். முதலில் அப்படி நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், அப்பாவின் பேச்சும் கெடாது, நானும் சொன்னதாகிவிடும் என்று. இப்போது மனசை மாற்றிக்கொண்டேன். இந்தக் காகிதங்களை அந்தச் சென்டரிலேயே ஸ்கேன் பண்ணி உனக்கு ஈமெயிலில் அனுப்பச் சொல்லி வின்ஸ்டனிடம் கொடுக்கிறேன். போனில் சொல்ல என்னால் முடியாது, உன் குரல் கேட்டால் உடைந்துவிடுவேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது ஃபெமினா. ஜெபம் பண்ணினாலும் பயமாகத்தான் இருக்கிறது. நீ டிக்கெட் எடுத்து ஓடி வரவேண்டும் என்று கேட்கவில்லை. எனக்காக ஒரே ஒரு காரியம், வியாழக்கிழமைக்கு முன்னாலே செய்துவிடு. அவளுக்கு அந்த வெள்ளைச் சேலையைக் கழற்றிவிடு. அதை வேறு எந்தப் பொம்மைக்கு வேண்டுமானாலும் கட்டு, உன் முதலாளி கோபித்துக்கொண்டால் கல்யாணப் பெண் கிழவியாகிவிட்டாள் என்று சொல்லு. என் பச்சை வாயல் துணிச் சேலை உனக்கு நினைவிருக்கும், உன் இங்க் பேனா கசிந்து முந்தானையில் கறை பிடித்ததே, மார்க்கெட்டுக்குக் கட்டிக்கொண்டு போவேனே, அதைக் கட்டிவிடு. கறையையும் போடு, நாங்கள் அதைப் போகவைக்க எவ்வளவு பாடுபட்டோம். நெட்டை எடுத்துவிட்டுத் தலையை அள்ளி முடிந்துவிடு. கையில் ஒயர்கூடை. மறக்காமல் கால் போடு கண்ணு, இரண்டு கால், நீல வார் வைத்த செருப்பு. கண் சிமிட்டவைக்க முடியுமென்றால் அதையும் பார்.

அவள் வாசலில் நின்று யாருக்கும் வெல்கம் சொல்ல வேண்டாம். கடைகண்ணிக்குப் போனால் என்ன, ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன, நம் ஊரில் படி இறங்குகிறவள் போகிறேன் என்று சொல்லமாட்டாள். திரும்பி வருவதைத்தான் சொல்லிவிட்டு இறங்குவாள், நானும் வேறு சொல்லி நீ கேட்டதே இல்லை. அந்த வார்த்தையையே அவள் தலைக்குமேல் எழுதிவிடு. தமிழ் எழுத்து அந்த ஊரில் வராது என்று சொல்லாதே, துணி வரைகிறவளுக்கு மூன்று எழுத்து வரையவா தெரியாது. அவள் செருப்புப் போட்டுக்கொண்டு கூடையோடு கிளம்பி நிற்கிறதைப் பார்த்துவிட்டு வின்ஸ்டன் புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குச் சொன்னால் போதும், நான் அவர்கள் கொடுக்கிற ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வேன்.

அப்பாமேல் கோபப்படாதே, உன்மேல் இருக்கிற பாசத்தில்தான் மறைத்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அழுதுகொண்டு உட்காராதே, சாப்பிடு. கர்த்தர் உன்னைத் தம் சிறகுக்குள் மூடிக் காப்பாராக. புதன்கிழமையை மறந்துவிடாதே.

வாரேன் கண்ணு,
உன் அம்மா
ரூத் ஏசுவடியான்